சர்வரில் இருக்கிற எல்லா டேட்டாபேஸையும் பட்டியலிடுவது எப்படி? எனக்குப் பாதிதான் தெரிகிறது

மின்மினி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய லினக்ஸ் சர்வர் ஒன்று என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த குறிப்பும் இல்லை. இதில் இருப்பதையெல்லாம் புது மெஷினுக்கு மாற்ற வேண்டும். அதற்கு முதலில் மொத்தம் என்னென்ன டேட்டாபேஸ் இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும், அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுகிறது. அப்ளிகேஷனின் கான்ஃபிக் ஃபைலில் இருந்த யூசர், பாஸ்வேர்டை வைத்து உள்ளே போய் ஷோ டேட்டாபேசஸ் என்று அடித்தால் வருவது இரண்டே பெயர்: இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா, பில்லிங். ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா ஃபோல்டரை சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே பத்துக்கும் மேல் ஃபோல்டர்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் பில்லிங்@002டிஓல்ட் என்று விநோதமாக இருக்கிறது. லாஸ்ட்+ஃபவுண்ட் என்று இன்னொன்று.

அதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளும் ஓடுகிறது. அங்கே ஷோ டேட்டாபேசஸ் அடித்தால், அப்படி ஒரு கான்ஃபிகரேஷன் பாராமீட்டரே கிடையாது என்கிற மாதிரி எரர் வருகிறது. தனியாக ஒரு விண்டோஸ் மெஷினில் எஸ்க்யூஎல் சர்வரும் உண்டு, அதை இன்னும் தொடவே இல்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கட்டளை இருக்கிறதா? மைஎஸ்க்யூஎல்லில் எனக்கு ஏன் இரண்டு மட்டும் தெரிகிறது?


கருவேலன் எழுதியது:

பொதுவாக ஒரே கட்டளை கிடையாது. அதைவிட முக்கியமான விஷயம், வருகிற பட்டியல் சர்வரில் இருப்பதன் பட்டியல் இல்லை, நீங்கள் எந்த யூசராக உள்ளே போனீர்களோ அந்த யூசருக்குக் காட்டலாம் என்று சர்வர் நினைப்பதன் பட்டியல். மைஎஸ்க்யூஎல் இதில் ரொம்பக் கறார். ஒரு டேட்டாபேஸில் உங்களுக்கு ஏதாவது ஒரு உரிமையாவது இருந்தால்தான் அதன் பெயரே உங்கள் கண்ணில் படும். உங்கள் அப்ளிகேஷன் யூசருக்கு பில்லிங்கில் மட்டும் உரிமை கொடுத்திருப்பார்கள், அதனால் பில்லிங் மட்டும் தெரிகிறது. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா எல்லோருக்கும் தெரியும். ஷோ கிராண்ட்ஸ் என்று அடித்துப் பாருங்கள், உங்களுக்கு என்னென்ன கொடுத்திருக்கிறார்கள் என்று சர்வரே சொல்லிவிடும். யூசேஜ் ஆன் ஸ்டார் டாட் ஸ்டார் என்று ஒரு வரி வந்தால் அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே நுழைய மட்டும் அனுமதி, வேறு உரிமை எதுவும் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரு யூசருக்கு ஏதாவது ஒரு உரிமையை குளோபலாக, அதாவது எல்லா டேட்டாபேஸுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், ஷோ டேட்டாபேசஸ் என்ற உரிமையைத் தனியாகக் கொடுக்காவிட்டாலும் எல்லாப் பெயரும் தெரிய ஆரம்பித்துவிடும். 8.0.16-க்குப் பிறகு பார்ஷியல் ரிவோக் (உரிமையைப் பகுதியாகத் திரும்பப் பெறுவது) வந்ததால் அதிலிருந்து சிலதை விலக்கி வைக்கலாம், உங்கள் 5.7-இல் அந்த வசதி இல்லை.

சிலர் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் இருக்கிற ஸ்கீமாட்டா டேபிளை செலக்ட் போட்டால் முழுப் பட்டியல் வந்துவிடும் என்று எழுதி வைத்திருப்பார்கள். வராது, அதற்கும் இதே வடிகட்டல்தான். ஷோ ஸ்கீமாஸ் என்று அடித்தாலும் அதேதான், ஷோ டேட்டாபேசஸுக்கு இன்னொரு பெயர் அது.

உங்களிடம் சூடோ இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் ஏன் அப்ளிகேஷன் யூசரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? உபுண்டு என்றால் சூடோ மைஎஸ்க்யூஎல் என்று அடித்தாலே பெரும்பாலும் ரூட்டாக (முழு உரிமை உள்ள யூசராக) உள்ளே விட்டுவிடும், பாஸ்வேர்டு கேட்காது. ரூட்டுக்கு யாராவது பாஸ்வேர்டு வைத்து மாற்றியிருந்தால் எட்ஸி ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் டெபியன்.சிஎன்எஃப் என்ற ஃபைலைத் திறங்கள். டெபியன்-சிஸ்-மெயின்ட் என்ற பராமரிப்பு யூசரின் பாஸ்வேர்டு அதில் இருக்கும், அதை வைத்துப் போகலாம்.

இனி அந்த விநோதப் பெயர். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேட்டாபேஸுக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு குறி இருந்தால் அதை @ போட்டு ஹெக்ஸ் எண்ணாக மாற்றித்தான் டிஸ்கில் எழுதும். @002டி என்பது ஹைஃபன். ஆக, அந்த டேட்டாபேஸின் உண்மையான பெயர் பில்லிங்-ஓல்ட். கட்டளையில் அதைப் பயன்படுத்தும்போது பேக்டிக் குறிக்குள் (`) வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஹைஃபனை கழித்தல் குறி என்று எடுத்துக்கொண்டு சின்டாக்ஸ் எரர் அடிக்கும்.

லாஸ்ட்+ஃபவுண்ட் டேட்டாபேஸே இல்லை. டேட்டா ஃபோல்டரைத் தனி டிஸ்காக மவுண்ட் செய்திருப்பார்கள், அது ஃபைல் சிஸ்டம் தானே உருவாக்கிய ஃபோல்டர். 5.7 வரை மைஎஸ்க்யூஎல் டேட்டா ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரைப் பார்த்தாலும் டேட்டாபேஸ் என்றே எண்ணிக்கொள்ளும். நீங்களே உள்ளே ஒரு காலி ஃபோல்டரைப் படைத்தாலும் அது பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். ரூட்டாகப் போய்ப் பார்க்கும்போது #மைஎஸ்க்யூஎல்50# என்ற முன்னொட்டோடு அந்தப் பெயர் வரும், விட்டுவிடுங்கள். 8.0-இல் டேட்டா டிக்ஷனரி வந்த பிறகு இந்தக் கூத்து இல்லை, ஃபோல்டரைப் பார்த்துப் பட்டியல் போடுவதில்லை.


செவ்வந்தி எழுதியது:

போஸ்ட்கிரெஸ் பக்கம் நான் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த எரரில் தவறேதும் இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் ஷோ என்பது செட்டிங் மதிப்பைக் காட்டுகிற கட்டளை, ஷோ போர்ட் என்றால் 5432 என்று சொல்லும். டேட்டாபேசஸ் என்று ஒரு செட்டிங் இல்லாததால் எரர். பட்டியலுக்கு பிஎஸ்க்யூஎல் என்ற கிளையன்ட்டின் உள்ளே போய் \எல் அடியுங்கள், பின்சாய்வுக்கோடு போட்டு ஒட்டினாற்போல் சிறிய எல். அரைப்புள்ளி தேவையில்லை. உள்ளேயே போகாமல் ஷெல்லிலிருந்து பிஎஸ்க்யூஎல் -எல் என்றாலும் அதே பட்டியல்தான்.

பிஎஸ்க்யூஎல் என்று மொட்டையாக அடித்தால் உங்கள் லினக்ஸ் யூசர் பெயரிலேயே ஒரு போஸ்ட்கிரெஸ் யூசரையும் டேட்டாபேஸையும் தேடி, இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். புதிதாக வருகிறவர்கள் அங்கேயே பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்துக் குழம்புவார்கள். சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல் என்று போனால் சிக்கல் இல்லை.

\எல் என்பது பிஎஸ்க்யூஎல் என்ற கிளையன்ட்டின் குறுக்குவழி, வேறு டூலிலோ நிரலிலோ வேலை செய்யாது. அங்கெல்லாம் பிஜி_டேட்டாபேஸ் என்ற கேட்டலாக்கில் (சிஸ்டம் டேபிளில்) இருந்து டேட்நேம் நெடுவரிசையை செலக்ட் செய்யுங்கள். பிஎஸ்க்யூஎல்லை -ஈ என்ற பெரிய எழுத்து ஆப்ஷனோடு திறந்தால் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் பின்னால் அது என்ன குவெரி அனுப்புகிறது என்று காட்டிவிடும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கருவேலன் சொன்ன உரிமைக் கதை இங்கே தலைகீழ். பிஜி_டேட்டாபேஸை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சாதாரண யூசராக இருந்தாலும் சர்வரில் இருக்கிற அத்தனை டேட்டாபேஸ் பெயரும் தெரியும். உள்ளே நுழைய முடியுமா என்பதுதான் வேறு கேள்வி. அதுவும்கூட கனெக்ட் உரிமை இயல்பாகவே பப்ளிக்குக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, வேண்டாமென்றால் ரிவோக் செய்ய வேண்டும். \எல்+ அடித்தால் அளவும் வரும், கனெக்ட் உரிமை இல்லாதவற்றின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் நோ ஆக்சஸ் என்று இருக்கும்.

பட்டியலில் போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 என்று மூன்று பெயர் பொதுவாக இருக்கும், இவை இன்ஸ்டால் செய்யும்போதே வருபவை. டெம்ப்ளேட்1-ஐத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது டேட்டாபேஸ் உருவாக்கும்போது அதைத்தான் நகல் எடுக்கிறது, முன்னால் இருந்தவர் அதில் ஏதாவது டேபிளோ எக்ஸ்டென்ஷனோ போட்டு வைத்திருந்தால் அதன் பிறகு உருவான டேட்டாபேஸ்களிலும் அது முளைத்திருக்கும். டெம்ப்ளேட்0-க்குள் போக முயல வேண்டாம், கனெக்ஷனையே அது அனுமதிக்காது.

அப்புறம் ஒன்று, உங்கள் நிலைமையில் இதுதான் பெரிது. ஒரே மெஷினில் ஒன்றுக்கு மேற்பட்ட போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர் (தனி டேட்டா ஃபோல்டரோடு தனியாக ஓடும் சர்வர்) ஓடலாம். பழைய வெர்ஷன் 5432 போர்ட்டிலும் அப்கிரேடு செய்தபோது வந்த புது வெர்ஷன் 5433-லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நிறையவே பார்க்கலாம். \எல் நீங்கள் நுழைந்த கிளஸ்டரின் பட்டியலை மட்டும்தான் தரும். டெபியன், உபுண்டு என்றால் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் அடியுங்கள், எத்தனை கிளஸ்டர், எந்த போர்ட், ஓடுகிறதா நிற்கிறதா என்று எல்லாம் வரும். நின்றுகொண்டிருக்கிற கிளஸ்டரிலும் டேட்டா இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.


அரைப்புள்ளி எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்று? இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா எஸ்க்யூஎல் தரநிலையில் இருக்கிறது. அதில் ஸ்கீமாட்டாவை செலக்ட் போட்டால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் ஓடும். அவர் கேட்ட பொதுவான கட்டளை அதுதானே.


செவ்வந்தி எழுதியது:

ஓடும், ஆனால் அவர் கேட்டதைத் தராது அரைப்புள்ளி. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸும் ஸ்கீமாவும் ஒன்றே என்பதால் அங்கே மட்டும் அது டேட்டாபேஸ் பட்டியல். போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் டேட்டாபேஸுக்குள்ளே ஸ்கீமா என்று இன்னொரு அடுக்கு இருக்கிறது, இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா நீங்கள் நிற்கிற டேட்டாபேஸைத் தாண்டி எட்டிப் பார்க்காது. பப்ளிக், பிஜி_கேட்டலாக் என்று பெயர்கள் வரும். பக்கத்தில் இருபது டேட்டாபேஸ் இருந்தாலும் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எரர் வராமல் தவறான பட்டியல் கிடைப்பது எரர் வருவதைவிட மோசம். அதை நம்பி பழைய மெஷினை அணைத்துவிட்டால் அவ்வளவுதான்.


திண்ணைவாசி எழுதியது:

எஸ்க்யூஎல் சர்வரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, நான் ஆரம்பிக்கிறேன்.

சிஸ்.டேட்டாபேசஸ் என்ற வியூவில் இருந்து நேம், ஸ்டேட்_டெஸ்க் இரண்டு நெடுவரிசையையும் எடுங்கள். பெயரை மட்டும் எடுக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஸ்டேட்_டெஸ்க்கில் ஆன்லைன் என்று இருந்தால் சரி. ஆஃப்லைன், ரிஸ்டோரிங், சஸ்பெக்ட் என்று ஏதாவது இருந்தால் அதை பேக்கப் எடுக்கப் போகும்போது இடிக்கும், முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற டூலில் அடிக்கிறீர்கள் என்றால் அடுத்த வரியில் கோ என்று தனியாக அடித்தால்தான் ஓடும், இல்லாவிட்டால் 2>, 3> என்று எண் போட்டுக்கொண்டே காத்திருக்கும்.

இங்கே உரிமை விஷயம் நடுவாந்தரம். வியூ எனி டேட்டாபேஸ் என்ற உரிமை இயல்பாகவே பப்ளிக் ரோலுக்கு உண்டு, ஆகவே உள்ளே நுழைந்த எவருக்கும் எல்லாப் பெயரும் தெரியும். கெடுபிடியான நிர்வாகி அதை எடுத்துவிட்டிருந்தால் மாஸ்டர், டெம்ப்டிபி, நீங்கள் ஓனராக இருப்பவை, இப்போது நிற்கிற டேட்டாபேஸ், இவ்வளவுதான் வரும். பட்டியலில் நாலைந்து பெயர்தான் வருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பெயர் தெரிந்தும் உள்ளே போக முடியுமா என்று பார்க்க ஹேஸ்_டிபிஆக்சஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, 1 வந்தால் போகலாம், 0 என்றால் முடியாது.

மாஸ்டர், டெம்ப்டிபி, மாடல், எம்எஸ்டிபி நான்கும் சர்வருடையவை, ஐடி 1 முதல் 4 வரை. அதனால் எல்லோரும் டேட்டாபேஸ்_ஐடி 4-க்கு மேல் என்று வடிகட்டுவார்கள், நானும் அப்படித்தான். ஆனால் ரிப்போர்ட்டிங் சர்வீஸ், ரெப்ளிகேஷன் எல்லாம் போட்டிருந்தால் அவை உருவாக்கிய டேட்டாபேஸ்கள் 4-க்கு மேல்தான் இருக்கும், அவற்றை உங்கள் அப்ளிகேஷனுடையது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். எம்எஸ்டிபியையும் சும்மா சிஸ்டம் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏஜென்ட் ஜாப்கள் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்) அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன.

அஷூரில் இருக்கிற எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்றால் வேறு கதை, அங்கே மாஸ்டரில் நின்று கேட்டால்தான் முழுப் பட்டியல். மற்ற டேட்டாபேஸில் நின்று கேட்டால் மாஸ்டரும் அந்த ஒன்றும் மட்டும் வரும்.


மின்மினி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சூடோ மைஎஸ்க்யூஎல் வேலை செய்தது, இப்போது எல்லாப் பெயரும் வருகிறது, பில்லிங்-ஓல்ட் உட்பட. #மைஎஸ்க்யூஎல்50#லாஸ்ட்+ஃபவுண்ட் கருவேலன் சொன்ன மாதிரியே வந்து நிற்கிறது, சிரிப்புதான் வந்தது. பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸில் இரண்டு கிளஸ்டர், ஒன்று டவுன் என்று இருக்கிறது. செவ்வந்தி சொல்லாவிட்டால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். இதை ஸ்கிரிப்ட்டில் போட்டு ஒவ்வொரு பெயராக எடுத்து டம்ப் (டேட்டாவை ஃபைலாக எழுதிய நகல்) எடுக்க வேண்டும், தலைப்பு வரி, பெட்டிக்கோடு எல்லாம் இல்லாமல் பெயர் மட்டும் வர என்ன செய்வது? பட்டியலில் எது உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? புது மெஷினில் மைஎஸ்க்யூஎல் 8.0 போடப்போகிறேன்.


கருவேலன் எழுதியது:

மைஎஸ்க்யூஎல்லுக்கு -என் (பெரிய எழுத்து) போட்டால் தலைப்பு வராது, -ஈ (சிறிய எழுத்து) போட்டுக் கட்டளையை மேற்கோளுக்குள் கொடுங்கள். வெளியீட்டை பைப் செய்தாலே (இன்னொரு நிரலுக்கு அனுப்பினாலே) பெட்டிக்கோடு தானாகப் போய்விடும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு -ஏடி -சி (ஏ பெரிய எழுத்து, டி, சி சிறிய எழுத்து) போட்டு பிஜி_டேட்டாபேஸ் குவெரி, அதில் டேட்இஸ்டெம்ப்ளேட் உண்மையாக இருப்பவற்றைத் தள்ளிவிடுங்கள். பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே எழுத வேண்டாம், மற்ற யூசர்கள் பிஎஸ் (ஓடுகிற நிரல்களைக் காட்டும் கட்டளை) அடித்தால் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. ஹோம் ஃபோல்டரில் மைஎஸ்க்யூஎல்லுக்கு .மை.சிஎன்எஃப், போஸ்ட்கிரெஸ்ஸுக்கு .பிஜிபாஸ் என்ற ஃபைலில் வையுங்கள். இரண்டாவது ஃபைலின் பெர்மிஷன் 0600 ஆக இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

8.0-க்குப் போவதால் ஒரு எச்சரிக்கை. மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் எல்லா டேட்டாபேஸும் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் என்ற சிஸ்டம் டேட்டாபேஸும் கூடவே வரும். 5.7-இன் அந்த டேபிள்களை 8.0-இன் மேல் கொண்டுபோய் ஊற்றினால் வம்பு. பட்டியலிலிருந்து நான்கு சிஸ்டம் பெயரையும், அதாவது இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா, மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா, சிஸ், அப்புறம் அந்த லாஸ்ட்+ஃபவுண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெயர் சொல்லி டம்ப் எடுங்கள். யூசர்களை ஷோ கிரியேட் யூசர், ஷோ கிராண்ட்ஸ் வைத்துத் தனியாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தில் மட்டும் வேறுபடுகிற இரண்டு பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். லினக்ஸில் இரண்டும் வேறு வேறு டேட்டாபேஸ், ஆனால் இதைத் தீர்மானிக்கிற லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் செட்டிங்கை 8.0-இல் முதன்முதலில் இனிஷியலைஸ் செய்யும்போது மட்டும்தான் வைக்க முடியும், பிறகு மாற்ற முடியாது.


செவ்வந்தி எழுதியது:

டவுன் என்று இருக்கிற கிளஸ்டரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள், முதலில் அதன் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்து \எல் பாருங்கள். டம்ப் எடுக்கும்போது ரோல்கள் (யூசர்களும் குழுக்களும்) எந்த ஒரு டேட்டாபேஸுக்குள்ளும் இருக்காது, கிளஸ்டர் முழுமைக்கும் பொது, பிஜி_டம்ப் அவற்றைத் தொடாது. பிஜி_டம்ப்ஆல்லை குளோபல்ஸ் ஒன்லி ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் அவை தனி ஃபைலாக வந்துவிடும்.

எது பயன்பாட்டில் இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ் வியூவில் நம்பேக்கெண்ட்ஸ் நெடுவரிசை இப்போது எத்தனை கனெக்ஷன் என்று காட்டும், எக்ஸாக்ட்_கமிட் எண்ணை இன்று குறித்து வைத்து ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ் தானே ஓட்டும் துப்புரவு வேலையான ஆட்டோவேக்குவமும் அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் சின்ன ஏற்றத்தைப் பார்த்து யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மைஎஸ்க்யூஎல்லில் ஷோ பிராசஸ்லிஸ்ட் அடித்தால் டிபி நெடுவரிசையில் யார் எதில் இருக்கிறார்கள் என்று தெரியும், அது அந்த நொடிக்கு மட்டும். டேபிள்களின் அப்டேட்_டைமைப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் இன்னோடிபியில் (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ஸ்டோரேஜ் முறை) சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அது அழிந்து நல் (மதிப்பே இல்லை என்பதன் குறி) ஆகிவிடும். நல் இருப்பதை வைத்து யாரும் தொடவில்லை என்று சொல்ல முடியாது.


திண்ணைவாசி எழுதியது:

மாதக் கடைசியிலோ வருடத்தில் ஒருமுறையோ மட்டும் ஓடுகிற ரிப்போர்ட்டுக்கான டேட்டாபேஸ் எந்தப் புள்ளிவிவரத்திலும் மாட்டாது. அதனால் நான் எதையும் நேரடியாக டிராப் செய்வதில்லை. பேக்கப் எடுத்துவிட்டு எஸ்க்யூஎல் சர்வர் என்றால் ஆல்டர் டேட்டாபேஸ் போட்டு ஆஃப்லைனுக்குத் தள்ளுவேன், போஸ்ட்கிரெஸ் என்றால் அலவ்_கனெக்ஷன்ஸ் ஃபால்ஸ். யாராவது கத்தினால் ஒரு வரியில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஏற்கெனவே உள்ளே இருக்கிற கனெக்ஷன்களை அது வெட்டாது, புதிதாக வருபவற்றைத்தான் தடுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அப்படி ஒரு ஸ்விட்ச் இல்லை, அந்த டேட்டாபேஸில் யூசருக்கு இருக்கிற உரிமைகளை ரிவோக் செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஷோ கிராண்ட்ஸ் வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்க அது வேண்டும்.


மின்மினி எழுதியது:

பில்லிங்-ஓல்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். கிராண்ட்ஸை ஃபைலில் எடுத்தாயிற்று. நின்றுபோன கிளஸ்டரின் ஃபோல்டர் இப்போது நகலாகிக்கொண்டிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.